கடைசிவரை இறங்காத நீரஜா

1986 செப்டம்பர் 5. கராச்சி விமான நிலையத்தில் துப்பாக்கி முனையில் நின்றது பான் ஆம் நிறுவனத்தின் 73-ம் எண் விமானம். உள்ளே ஏறத்தாழ 380 உயிர்கள். விமானிகள் இல்லாத அந்த விமானத்தில் அத்தனை பேருக்கும் பொறுப்பேற்று நின்றவர் 23 வயதுகூட நிரம்பாத ஓர் இந்தியப் பெண்.

வேனில் வந்த நால்வர்

மும்பையிலிருந்து கிளம்பிய பான் ஆம் 73 கராச்சியில் தரையிறங்கியபோது இன்னும் விடியவில்லை. மாடி வைத்த ராட்சத விமானமான போயிங் 747 அது. கராச்சியில் கொஞ்சம் பேர் இறங்குவார்கள், கொஞ்சம் பேர் ஏறுவார்கள், பிறகு ஃபிராங்ஃபர்ட் வழியாக நியூயார்க். இறங்க வேண்டியவர்கள் இறங்கிவிட்டார்கள். மும்பையில் ஏறியவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். குழந்தைகளோடு வந்த குடும்பங்கள், அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர் எனப் பயணிகளில் கணிசமானவர்கள் இந்தியர்கள்.

காலை 6 மணியளவில் சைரனும் சுழல்விளக்கும் பொருத்திய ஒரு வேன் விமானத்தை நோக்கி வந்தது. பார்த்தால் விமான நிலையப் பாதுகாப்புப் படையின் வண்டி. இறங்கிய நான்கு பேரும் அந்தப் படையின் சீருடையில்தான் இருந்தார்கள். அதனால் யாரும் தடுக்கவில்லை. படிக்கட்டில் பாய்ந்து ஏறியவர்கள் சுட ஆரம்பித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. கையில் தானியங்கித் துப்பாக்கிகள், கைத்துப்பாக்கிகள், கையெறி குண்டுகள். வெடிமருந்து பெல்ட்டும் இருந்தது.

வந்தவர்கள் அபு நிதால் என்ற பாலஸ்தீனத் தீவிரவாதக் குழுவைச் சேர்ந்தவர்கள். தலைவன் பெயர் சஃபாரினி. விமானத்தைச் சைப்ரசுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை விடுவிக்க வேண்டும். இதுதான் அவர்களுடைய திட்டம்.

அந்தத் திட்டம் முதல் சில நிமிடங்களிலேயே உடைந்தது. உடைத்தவர்கள் விமானப் பணியாளர்கள்.

காக்பிட்டுக்குப் போன எச்சரிக்கை

துப்பாக்கிச் சத்தம் கேட்டதுமே கேபின் குழுவிலிருந்து இன்டர்காம் வழியாகக் காக்பிட்டுக்கு எச்சரிக்கை போய்விட்டது. விமானக் கடத்தல் நடந்தால் சொல்ல வேண்டிய ரகசியச் சொல் பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித்தரப்பட்டிருந்தது. 747 ரகத்தில் காக்பிட் மாடியில் இருக்கும். கடத்தல்காரர்கள் கீழ்த்தளத்தில் இருந்தார்கள். மாடிப்படி எங்கே என்று கண்டுபிடித்து அவர்கள் மேலே போவதற்குள் விமானி, துணை விமானி, பொறியாளர் மூவரும் கூரையில் உள்ள அவசர வழியைத் திறந்து, கம்பிக் கயிற்றைப் பிடித்துத் தரைக்கு இறங்கிவிட்டார்கள்.

ஒரு பணிப்பெண்ணைத் துப்பாக்கி முனையில் காக்பிட்டுக்குக் கூட்டிப்போனார்கள். கூரை வழி திறந்து கிடப்பதை அவர் பார்த்துவிட்டார். பார்க்காததுபோல இருந்தார். விமானிகள் தப்பிப்பதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கட்டும் என்று நினைத்ததாகப் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

பயணிகளை விட்டுவிட்டு விமானிகள் ஓடிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் அந்த விமானத்தில் வேலை பார்த்து உயிர் பிழைத்த பணியாளர்களே விமானிகள் பக்கம்தான் பேசியிருக்கிறார்கள். விமானி இல்லாவிட்டால் விமானம் பறக்காது. நடுவானில் மிரட்டவும் வழியில்லை, கட்டடத்தில் மோதவும் வழியில்லை. விமானம் தரையில் நிற்கும்வரை உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. விமானத்தைத் தரையிலேயே நிறுத்துவது அன்றைய பாதுகாப்பு நடைமுறைக்கு உட்பட்ட முடிவு.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. இனி விமானத்தில் இருப்பவர்கள் பயணிகள், துப்பாக்கியோடு நால்வர், கேபின் குழு மட்டுமே. அந்தக் குழுவில் மூத்த பொறுப்பு சீனியர் பர்சருக்கு. அவர்தான் நீரஜா பனோட். இன்னும் இரண்டு நாளில் அவருக்கு 23-வது பிறந்தநாள்.

பாஸ்போர்ட் எங்கே?

நேரம் போகப்போகக் கடத்தல்காரர்களுக்கு ஆத்திரம் ஏறியது. வெளியே பான் ஆமின் கராச்சி அதிகாரி மெகாபோன் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். புதிய விமானிகளை அனுப்புகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்று பேச்சு இழுத்துக்கொண்டே போனது. தாங்கள் சொன்னதைச் செய்வோம் என்று காட்டுவதற்காக ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். பெயர் ராஜேஷ் குமார், வயது 29. கலிஃபோர்னியாவில் வாழ்ந்தவர். அண்மையில்தான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். அவரை முன்கதவுக்கு இழுத்துப்போய், மண்டியிட வைத்து, எல்லோரும் பார்க்கத் தலையில் சுட்டு, கீழே தள்ளிவிட்டார்கள்.

அதன் பிறகு வந்த உத்தரவு: எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கொண்டு வா.

எதற்காகக் கேட்கிறார்கள் என்பது நீரஜாவுக்கும் தோழிகளுக்கும் சொல்லாமலே புரிந்தது. அமெரிக்கர்களைப் பிரித்தெடுக்க வேண்டும், ஒவ்வொருவராக ராஜேஷ் குமார் நின்ற இடத்தில் நிறுத்த வேண்டும். மறுத்தால் அங்கேயே குண்டு. கீழ்ப்படிந்தால் கொலைப்பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தவர்களாகிவிடுவார்கள்.

பணிப்பெண்கள் மூன்றாவதாக ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். வரிசை வரிசையாகப் போனார்கள். பாஸ்போர்ட்டுகளை வாங்கினார்கள். அமெரிக்க பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது அது பைக்குள் போகவில்லை. சில சீட்டுக்கு அடியில் போயின. சில குப்பை போடும் இடத்துக்குள் போயின. முகத்தில் பதற்றம் காட்டாமல், கை நடுங்காமல், துப்பாக்கியோடு ஒருவன் நடந்துகொண்டிருக்கும் அதே நடைபாதையில் இதைச் செய்தார்கள். ஒரே ஒரு பாஸ்போர்ட் கால் பட்டு வெளியே வந்திருந்தாலும் அந்தப் பெண்களின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சேர்ந்த பாஸ்போர்ட்டுகளில் கடத்தல்காரர்கள் தேடியது கிடைக்கவில்லை. அமெரிக்கர் கிடைக்காததால் ஒரு பிரிட்டிஷ்காரரின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவர் மைக்கேல் தெக்ஸ்டன். பாகிஸ்தான் மலைகளில் இறந்துபோன அண்ணனின் நினைவாக அங்கே போய்விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர். கதவருகே மண்டியிட வைக்கப்பட்டு, அடுத்த குண்டு எனக்குத்தான் என்று மணிக்கணக்கில் காத்திருந்தார். உயிரோடு தப்பிய அவர் பின்னாளில் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்.

ஓர் ஆபத்தைத் தள்ளிவிட்டால் அது இன்னொருவர் பக்கம் திரும்பும் என்ற வேதனையும் அந்தக் கேபினுக்குள் இருந்தது. அங்கே சுலபமான சரி எதுவும் இல்லை. அந்தந்த நிமிடத்தில் எத்தனை உயிரைக் காக்க முடியுமோ அத்தனையைக் காப்பது ஒன்றே செய்யக்கூடியதாக இருந்தது.

பகல் முழுவதும் ஒரு வேலை

நீரஜாவின் வீரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் நேராகக் கடைசிக் காட்சிக்குப் போய்விடுகிறோம். குண்டு பாய்ந்த அந்த நிமிடத்தில்தான் வீரம் இருக்கிறது என்று நினைக்கிறோம். என் பார்வையில் அதைவிடப் பெரிய வீரம் அதற்கு முந்தைய பகலில் இருக்கிறது.

ஏறத்தாழ 16 மணி நேரம். செப்டம்பர் மாதக் கராச்சி வெயிலில் நிற்கும் விமானம். குழந்தைகள் அழுகிறார்கள். முதியவர்களுக்கு மாத்திரை வேண்டும். கழிவறைக்குப் போகக்கூட அனுமதி கேட்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. இந்த நிலையில் ஒருவர் பொறுமையிழந்து எழுந்து நின்று கத்தினால் போதும், துப்பாக்கி பேசிவிடும். அப்படி ஒன்று நடக்காமல் பார்த்துக்கொண்டது கேபின் குழு.

தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். பயந்து நடுங்கியவர்களிடம் மெதுவாகப் பேசினார்கள். கடத்தல்காரர்கள் சொல்வதைப் பயணிகளுக்கும், பயணிகளின் தேவையைக் கடத்தல்காரர்களுக்கும் எடுத்துச் சொன்னார்கள். நீரஜா முகத்தில் புன்னகையோடு நடமாடினார் என்று தப்பியவர்கள் நினைவுகூர்கிறார்கள். விருந்தோம்பலுக்காகப் பழக்கிய அந்தப் புன்னகை அன்றைக்கு முன்னூற்றுச் சொச்சம் பேரின் பீதியை அடக்கிவைக்கும் கருவியாக இருந்தது.

பயப்படாதவர் நீரஜா என்று சொன்னால் அது அவரைக் குறைத்துச் சொல்வதாகும். 22 வயதுப் பெண்ணுக்குப் பயம் இல்லாமலா இருக்கும்? ஒரு மனிதர் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர் பார்த்திருக்கிறார். பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்த சீட்டில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போனார். காலையிலிருந்து இரவுவரை அதையே திரும்பத் திரும்பச் செய்தார்.

விளக்கு அணைந்த பிறகு

இன்ஜின்கள் நின்றிருக்கும் விமானத்துக்கு மின்சாரம் கொடுப்பது வால் பகுதியில் இருக்கும் ஒரு சின்னத் துணை இன்ஜின். இரவு 10 மணியை நெருங்கும்போது அது நின்றுபோனது. ஏசி நின்றது. விளக்குகள் மங்கி அணையத் தொடங்கின. அதுவரை ரேடியோவை இயக்குவதற்காக உள்ளே பிடித்துவைக்கப்பட்டிருந்தவர் மெஹர்ஜி கராஸ் என்ற இளம் பான் ஆம் ஊழியர். அவரும் அன்று உயிரோடு திரும்பவில்லை.

வெளியே கமாண்டோக்கள் பாயப்போகிறார்கள் என்று கடத்தல்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். பயணிகளை நடுப்பகுதிக்கு ஓட்டி, நெருக்கி உட்கார வைத்தார்கள். பிறகு இருட்டில், அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சரமாரியாகச் சுட்டார்கள். கையெறி குண்டுகளை வீசினார்கள். பாகிஸ்தான் கமாண்டோக்கள் உள்ளே வருவதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிட்டது.

அந்த நிமிடத்தில் விமானத்துக்குள் இருந்த எல்லோருக்கும் தேவை ஒன்றே ஒன்றுதான்: திறந்த கதவு.

ஒரு ஜம்போ விமானத்தின் கதவு நம் வீட்டுக் கதவுபோலத் தள்ளினால் திறப்பது இல்லை. கனமானது. கைப்பிடியைச் சரியான திசையில் முழுவதும் தூக்கித் திருப்ப வேண்டும். தரைக்கு இறங்க உதவும் சறுக்கு கதவோடு இணைக்கப்பட்ட நிலையில் இருந்தால்தான், கதவு திறந்ததும் அது காற்று நிரம்பி விரியும். கும்மிருட்டில், புகையில், அலறலுக்கு நடுவே இதைச் செய்யக் கண் உதவாது. கை பழகியிருக்க வேண்டும். பயிற்சிக்கூடத்தில் திரும்பத் திரும்பச் செய்த அந்த வேலையை நீரஜாவும் சக பணியாளர்களும் அன்று செய்தார்கள். கதவுகள் திறந்தன. பயணிகளில் சிலரும் கையில் கிடைத்த கதவைத் திறந்தார்கள். சறுக்கில் இறங்கியவர்கள் உண்டு. இறக்கையின் மேல் வந்து நின்று, கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் குதித்துக் கை கால் முறிந்தவர்களும் உண்டு.

கதவைத் திறந்தவர் முதலில் குதித்திருக்கலாம். கதவருகே நிற்பவருக்கு அது ஓர் அடி தூரம். நீரஜா இறங்கவில்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார். குழந்தைகளைக் குண்டுகளிலிருந்து தன் உடம்பால் மறைத்தபோது அவர்மேல் குண்டு பாய்ந்தது என்பது அவருக்குக் கிடைத்த விருதுகளோடு சேர்ந்து பதிவாகியிருக்கும் வரலாறு.

சக பணியாளர்கள் அவரை விட்டுவிட்டுப் போகவில்லை. வெளியே போக முடிந்த நிலையிலும் இருவர் கேபினுக்குள் திரும்பி, உயிர் பிழைத்தவர் யாராவது இருக்கிறார்களா என்று தேடினார்கள். இடுப்பில் குண்டடி பட்டு ரத்தம் பெருகிக் கிடந்த நீரஜாவைக் கண்டு சறுக்கு வழியாகக் கீழே இறக்கினார்கள். அப்போது அவருக்கு உயிர் இருந்தது. ஆனால் காப்பாற்ற முடியவில்லை.

அமெரிக்க நீதித்துறையின் கணக்குப்படி அன்று கொல்லப்பட்டவர்கள் 20 பேர். காயமடைந்தவர்கள் நூற்றுக்கும் மேல். மற்றவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். அன்று ஏழு வயதுச் சிறுவனாக அந்த விமானத்தில் இருந்த ஒருவர் இன்று விமானியாக இருக்கிறார் என்கிறது நீரஜாவின் பெயரால் இயங்கும் அறக்கட்டளை.

வீட்டுக்குத் திரும்பி வந்த மகள்

இவ்வளவு திடம் எங்கிருந்து வந்தது? அதற்கு ஓர் ஆண்டுக்கு முந்தைய கதையைப் பார்க்க வேண்டும்.

நீரஜா 1963 செப்டம்பர் 7 அன்று சண்டிகரில் பிறந்தார். அப்பா ஹரிஷ் பனோட் பத்திரிகையாளர். அம்மா ரமா. இரண்டு மகன்கள், ஒரே மகள். வீட்டில் செல்லப் பெயர் 'லாடோ'. குடும்பம் மும்பைக்கு வந்தது. பள்ளி முடித்து செயின்ட் சேவியர் கல்லூரிக்குப் போனார். படிக்கும்போதே மாடலிங் வாய்ப்புகள் வந்தன. அன்றைய விளம்பரங்களில் அவர் முகம் பரிச்சயமானது.

1985 மார்ச்சில் பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையோடு திருமணம். மாப்பிள்ளைக்கு வளைகுடா நாட்டில் வேலை. போன இடத்தில் வரதட்சணை கேட்டு நெருக்கடி, அவமானம். இரண்டே மாதத்தில் நீரஜா மும்பை திரும்பினார். மறுபடி அங்கே போகவில்லை.

1985-ல் ஓர் இந்திய நடுத்தரக் குடும்பத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. கல்யாணமாகி இரண்டு மாதத்தில் வாசலில் வந்து நிற்கும் மகளிடம், 'அனுசரித்துப் போம்மா, நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்றுதான் பெரும்பாலான வீடுகள் சொல்லியிருக்கும். ஹரிஷும் ரமாவும் மகளை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். அவர் எடுத்த முடிவுக்குத் துணை நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பான் ஆம் நிறுவனம் ஃபிராங்ஃபர்ட் - இந்தியா வழித்தடத்துக்கு இந்தியப் பணியாளர்களை எடுக்க முடிவு செய்தது. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பித்தார்கள். நீரஜா தேர்வானார். பயிற்சிக்கு மயாமி போனவர் பர்சர் பொறுப்போடு திரும்பினார். விமானக் கடத்தலை எதிர்கொள்ளும் பயிற்சியும் அதில் அடக்கம். அதைப் பற்றி மகள் சொன்னபோது, அப்படி ஏதாவது நடந்தால் ஓடி வந்துவிடு என்று அம்மா சொல்லியிருக்கிறார். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வார். செத்தாலும் ஓடமாட்டேன் என்று மகள் பதில் சொன்னதைப் பின்னாளில் குடும்பத்தார் நினைவுகூர்ந்தார்கள்.

தன்னை நசுக்கிய ஒரு வீட்டிலிருந்து வெளியேறத் தெரிந்த பெண் அவர். அதே பெண் தன் பொறுப்பிலிருந்து வெளியேற மறுத்தார். எங்கே நிற்கக் கூடாது, எங்கே நின்றே ஆக வேண்டும் என்பதை அந்தச் சின்ன வயதிலேயே தெளிவாகப் பிரித்துப் பார்த்திருந்தார். நீரஜாவின் இரண்டு முடிவுகளும் ஒரே சுயமரியாதையிலிருந்து வந்தவை.

எல்லை கடந்த மரியாதை

இந்திய அரசு நீரஜாவுக்கு அசோக சக்ரா விருதை வழங்கியது. போர் அல்லாத காலத்தில் காட்டும் வீரத்துக்கு நம் நாடு தரும் மிக உயர்ந்த விருது அது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். பாகிஸ்தான் அரசும் அவரைக் கௌரவித்தது. அமெரிக்காவிலும் விருதுகள் அளிக்கப்பட்டன. 2004-ல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பதித்த தபால்தலையை வெளியிட்டது. 2016-ல் ராம் மாத்வானி இயக்கத்தில், சோனம் கபூர் நடிப்பில் வெளிவந்த 'நீரஜா' திரைப்படம் புதிய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தியது.

மகளின் மறைவுக்குப் பின் கிடைத்த காப்பீட்டுத் தொகையைக் கொண்டு பெற்றோர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். அதன் விருதுகள் இரண்டு. ஒன்று, கடமைக்கு மேலாகச் செயல்பட்ட விமானப் பணியாளருக்கு. மற்றொன்று, சமூக அநீதியை எதிர்கொண்டு மீண்டு, தன்னைப் போன்ற மற்ற பெண்களுக்கும் கைகொடுக்கும் இந்தியப் பெண்ணுக்கு. மகளின் வாழ்க்கையில் எந்த இரண்டு நாட்கள் முக்கியமானவை என்பதை அந்தப் பெற்றோர் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள்.

நீதியின் கதை அவ்வளவு நிறைவாக இல்லை. விமானத்தில் ஏறிய நால்வர் உட்படக் கடத்தலில் தொடர்புடைய ஐந்து பேருக்கு 1988-ல் பாகிஸ்தான் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2001-ல் விடுதலையான சஃபாரினி அமெரிக்க அதிகாரிகளிடம் சிக்கினான். 2003-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 2004-ல் அவனுக்கு 160 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மற்ற நால்வரும் 2008-ல் பாகிஸ்தான் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். அவர்களைப் பற்றித் துப்புக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் 50 லட்சம் டாலர்வரை பரிசு என்று அமெரிக்கா அறிவித்தது. அதே 2008 ஜனவரியில்தான் ஹரிஷ் பனோட் காலமானார்.

தட்டு ஏந்தும் கைகள் மட்டுமா?

நீரஜா ஒரு விதிவிலக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கராச்சிக்கு ஓர் ஆண்டு முன்பு, 1985 ஜூனில், ஏதென்ஸிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 847 விமானம் கடத்தப்பட்டது. அதன் பர்சர் ஊலி டெரிக்சன் ஜெர்மனியில் வளர்ந்தவர். கடத்தல்காரர்களில் ஒருவனுக்கு ஜெர்மன் தெரியும் என்பதைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசியே பல பயணிகள்மேல் விழ இருந்த அடியைத் தடுத்தார். அல்ஜியர்ஸில் காசு கொடுத்தால்தான் எரிபொருள் என்று சொன்னபோது, தன்னிடமிருந்த கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினார். ஆயிரக்கணக்கான டாலர் எரிபொருள் அந்த அட்டையில் போடப்பட்டது.

2001 செப்டம்பர் 11 அன்று, உலக வர்த்தக மையத்தில் மோதிய முதல் விமானத்திலிருந்து பெட்டி ஆங் என்ற பணிப்பெண் தொலைபேசியில் சுமார் 25 நிமிடம் பேசினார். கடத்தல்காரர்கள் எந்த சீட்டில் இருந்தார்கள் என்ற தகவல் அவரிடமிருந்தும் அவருடைய தோழி ஏமி ஸ்வீனியிடமிருந்தும்தான் வெளியே வந்தது. தாங்கள் பிழைக்கப்போவதில்லை என்று தெரிந்திருக்கக்கூடிய நேரத்திலும் குரல் உடையாமல் அறிக்கை கொடுத்தார்கள்.

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு விமானத்தில் மோதித் தீப்பற்றியது. உள்ளே இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள். அறிவிப்புக் கருவி வேலை செய்யாத நிலையில், பணியாளர்கள் மெகாபோனிலும் சொந்தக் குரலிலும் வழிகாட்டினார்கள். எட்டுக் கதவுகளில் எதைத் திறந்தால் தீ உள்ளே வரும் என்று பார்த்து, பாதுகாப்பான மூன்றை மட்டும் திறந்தார்கள்.

இதுதான் அந்த வேலை. 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியாளர் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்பது காபி கொடுப்பதற்காக இல்லை. பாதிக் கதவுகள் அடைந்துபோனாலும் 90 விநாடிக்குள் எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு புதிய ரக விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும். அந்த 90 விநாடியை நடத்திக்காட்ட வேண்டியவர்கள் இவர்கள்.

ஆனால் நாம் இவர்களை எப்படிப் பார்த்துவந்திருக்கிறோம்? நம் நாட்டிலேயே 1981 வரை, முதல் கர்ப்பம் தரித்தாலே ஏர் இந்தியா பணிப்பெண் வேலையை விட்டுப் போக வேண்டும் என்று விதி இருந்தது. நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அடித்து நொறுக்கியது. அழகும் இளமையும்தான் தகுதி என்று நினைத்த காலத்தின் விதி அது. விதி போய்விட்டது, பார்வை முழுவதுமாகப் போகவில்லை. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதும், அனுமதியின்றிப் படம் எடுப்பதும், பாதுகாப்பு விளக்கம் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்போனில் மூழ்குவதும் இன்றைக்கும் எல்லா விமானத்திலும் நடக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று நீரஜாவின் படத்தைப் பகிர்ந்து ஒரு சல்யூட் வைப்பது எளிது. அதோடு முடித்துக்கொண்டால் அவர் செய்ததை நாம் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். அவர் வானத்திலிருந்து குதித்த தேவதை இல்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற, தன் வேலையை முழுமனதோடு மதித்த ஓர் இளம் ஊழியர். அன்று அவரோடு இருந்த தோழர்களும் தோழிகளும் அப்படித்தான். பலருக்குப் பெயர்கூட வெளியே தெரியாது.

அடுத்த முறை விமானத்தில் உட்காரும்போது, கதவைக் காட்டி விளக்கம் சொல்கிறவரை நிமிர்ந்து பாருங்கள். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் கதவு முன்னாலா பின்னாலா என்று எண்ணிவைத்துக்கொள்ளுங்கள். வெளியேறச் சொன்னால் பெட்டியை எடுக்காமல் வெளியேறுங்கள். உங்கள் பெட்டியால் தாமதமாகும் விநாடியில் உங்களுக்குப் பின்னால் நிற்பவரின் உயிர் இருக்கிறது.

மகளைப் பெற்றவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. கட்டிக்கொடுத்த வீட்டில் அவமானப்பட்டு உங்கள் மகள் திரும்பி வந்தால், ஊர் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள், உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். ஹரிஷும் ரமாவும் 1985-ல் அதைச் செய்தார்கள். செய்யாமல் விட்டிருந்தால், மறு ஆண்டு கராச்சியில் அத்தனை பேருக்காக நிற்க நீரஜா இருந்திருக்கமாட்டார்.